எர்த் குழி

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாறை தட்டியது. ரியாகெம்பா மலையில் முழங்கை ஆழம் தோண்டினாலே மாக்கல் வந்துவிடும். ஊரில் பாதிப் பேர் அந்தக் கல்லில் யானையும் கிண்ணமும் செதுக்கித்தான் பிழைக்கிறார்கள். ஆனால் இடிதாங்கிக்கு அந்தக் கல் உதவாது, அதன் கம்பி ஈர மண்ணில் இறங்க வேண்டும். எலக்ட்ரீஷியன் ஒவிட்டி காலையெல்லாம் தோண்டிய குழியைத் திட்டிக்கொண்டே மூடினார். பிறகு பள்ளிக் கட்டடத்துக்குப் பின்னால், சரிவில் வாழை நிற்கிற பக்கம் புதிதாக ஒரு குழி போட்டார்.

"உங்க ஊர்ல வாழைக்கும் குறைச்சல் இல்ல, இடிக்கும் குறைச்சல் இல்ல. மண்ணுதான் ரேஷன்ல குடுப்பீங்க போல!" என்று குழிக்குள்ளிருந்து கத்தினார்.

"உங்க ஏரிக்கரையில மட்டும் என்ன வாழுதாம்? மீன் முள்ளுதானே," என்றாள் மேலே நின்ற மொக்கெய்ரா.

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். அவள் அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. ஒரு வருஷமாக அவள் வாயிலிருந்து கேலிப் பேச்சு வந்து யாரும் கேட்டதில்லை. போன வருஷம் மழைக்காலத்தில் இதே கட்டடத்தின் தகரக் கூரையில் இடி விழுந்து, ஏழாம் வகுப்பில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த மூன்று பெண் பிள்ளைகள் செத்துப்போனார்கள். அதில் ஒருத்தி கெமுண்டோ, மொக்கெய்ராவின் மூத்த மகள்.

அதற்குப் பிறகு மொக்கெய்ரா ஏறாத படியில்லை, பிடிக்காத கால் இல்லை. கடைசியில் வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் கம்பியும் செம்புப் பட்டையும் அனுப்பினார்கள். ஒவிட்டி நான்கு நாட்களாகக் கூரை மேலேயே கிடந்தார். இப்போது முகட்டில் மூன்று செம்புக் கம்பிகள் நிமிர்ந்து நின்றன. அவற்றை இணைத்த பட்டை முகடு முழுவதும் ஓடி, பின்சுவர் வழியாக இறங்கி, ஜன்னலுக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்தில் தொங்கியது. அதைக் குழியிலிருக்கும் எர்த் கம்பியோடு சேர்த்து முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது.

எர்த் கம்பியைச் சம்மட்டியால் அடித்து இறக்கி முடிக்கும்போது சூரியன் எதிர் மலையில் உட்கார்ந்துவிட்டது. பக்கத்திலிருந்த கிறிஸ்தவ சபையில் ஓய்வுநாளை வரவேற்கிற பாட்டைத் தொடங்கினார்கள். அந்த ஊருக்கு வெள்ளி மாலை சூரியன் இறங்கினால் ஓய்வுநாள் பிறந்துவிடும். மறுநாள் மாலை வரை அடுப்புகூடப் பற்றவைக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் நிற்பதும் சபையின் நிலத்தில்தான்.

பாட்டுச் சத்தத்தோடு சேர்ந்தாற்போல் மூப்பர் ஒந்துசோ சரிவில் இறங்கி வந்தார். சபையின் மூப்பர்களில் அவர்தான் கெடுபிடி. அவர் மொக்கெய்ராவின் புருஷன்.

"ஒவிட்டி தம்பி, போதும். கருவியெல்லாம் எடுத்து வைங்க. சூரியன் இறங்கிருச்சு."

"மூப்பரே, ரெண்டே ரெண்டு போல்ட். டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிருவேன்."

"டீயை ஞாயித்துக்கிழமை சூடா குடிக்கலாம்."

ஒவிட்டி குழியிலிருந்து ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "விளையாட்டு இல்ல மூப்பரே. மேல நிக்குதே, அது இப்ப வானத்தப் பாத்து வா வான்னு கூப்பிட்டுக்கிட்டு நிக்குது. வர்றவன் இறங்கிப் போக வழி இல்ல. வழி இல்லேன்னா சும்மா இருப்பானா? சுவரு, ஜன்னல், பிள்ளைங்க, எது கிடைக்குதோ அது வழியா போவான். முன்ன இருந்ததவிட இப்பதான் ஆபத்து ஜாஸ்தி."

"மேல ஒருத்தர் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கார்."

"பாக்கட்டும். அவருக்கு போல்ட் முடுக்கத் தெரியாதே!"

ஒந்துசோவின் தாடை இறுகியது. ஒவிட்டி அதைப் பார்த்துவிட்டு மொக்கெய்ரா பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க ஸ்கூலு."

மொக்கெய்ரா வாயைத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் அங்கிருந்த மூன்று பேரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். போன வருஷம், இடி விழுவதற்கு முந்தின சனிக்கிழமை, மார்க் போடுகிற கூட்டம் என்று அவள் கீசி டவுனுக்குப் போயிருந்தாள். ஓய்வுநாளில் போகாதே என்று ஒந்துசோ சொன்னார். மேலிடத்து உத்தரவு, தட்ட முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த செவ்வாய்க்கிழமை இடி விழுந்து கெமுண்டோ செத்தாள். ஒந்துசோ அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டு அழுது தீர்த்திருக்கலாம். அவர் பேசாமல், நாளுக்கு நாள் ஓய்வுநாளை இன்னும் இறுக்கிப் பிடித்தார். சனிக்கிழமைகளில் மகன் ஒசியெமோ பந்தைத் தொடக்கூட விடமாட்டார். இருக்கிற ஒற்றைப் பிள்ளையைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அது.

அவளுக்குத் தெரிந்த வழி அந்தச் செம்புப் பட்டை. ஆனாலும் அந்த வேளையில் வாய் வரவில்லை. ஒருவேளை அவர் நினைப்பதுதான் சரியோ என்று ஒரு பயம் அவளுக்கு ஒரு வருஷமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வெள்ளன வந்துருங்க," என்றாள் ஒவிட்டியிடம்.

ஒவிட்டி தலையில் அடித்துக்கொண்டு கருவிகளைக் கட்டினார். வண்டி ஏறும்போது ஒந்துசோவுக்குத் தெரியாமல் ஒரு ஸ்பேனரை அவள் கையில் திணித்தார்.

"ரெண்டு போல்ட்டும் கிளாம்ப்லயே மாட்டித்தான் இருக்கு டீச்சர். பட்டையை உள்ள நுழைச்சு வலது பக்கமா திருப்பணும், அவ்வளவுதான். செய்யறதுன்னா வானம் வெளுப்பா இருக்கும்போதே செஞ்சிருங்க. ஒரு தடவை இடி சத்தம் கேட்டாச்சுன்னா அந்தப் பக்கமே போகக்கூடாது. செம்பத் தொடவே கூடாது. சரியா?"

"சரி."

"அந்தக் கட்டடத்துல ஒருத்தரையும் உக்கார விடாதீங்க."

மறுநாள் சுற்றுவட்டாரச் சபைகள் எல்லாம் ரியாகெம்பாவில் கூடுகிற பெரிய ஓய்வுநாள். காலையிலேயே மலைப்பாதை முழுக்க வெள்ளைச் சட்டையும் தலைத்துணியுமாக இருந்தது. முந்தின நாளே கிண்டி வைத்த களியும் கீரையும் கூடை கூடையாக வந்து இறங்கின. சபைக்குள் ஊசி விழ இடமில்லை. வழக்கமாகப் பள்ளிக் கட்டடத்தில் நடக்கிற பிள்ளைகளின் வகுப்பை மொக்கெய்ரா கெஞ்சிக் கூத்தாடி மைதானத்துக்கு மாற்றியிருந்தாள். தார்ப்பாய்ப் பந்தலின் கீழே நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வசனம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒசியெமோ முதல் வரிசையில் இருந்தான். அந்த மட்டுக்கும் ஒந்துசோ அவள் பேச்சைக் கேட்டார்.

காலையில் வானம் கழுவி விட்டாற்போல் இருந்தது. அப்போதே அவள் முடுக்கியிருக்கலாம். ஸ்பேனர் கைப்பைக்குள் வேத புத்தகத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. இரண்டு தடவை எழுந்து கட்டடத்தின் பின்புறம் வரை போனாள். ஒரு தடவை யாரோ பெண்கள் வாழையடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தடவை யாருமே இல்லை. யாருமே இல்லாதபோதும் அவள் பைக்குள்ளிருந்து ஸ்பேனரை எடுக்கவில்லை. பாவம் செய்தால் பிள்ளை போய்விடும் என்கிற பயத்தைப் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் கேட்டால்தான் தெரியும். திரும்பி வந்து பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஏரிப் பக்கமிருந்து மேகம் ஏறியது. அந்த மலையில் மழை சொல்லிக்கொண்டு வராது. முதல் காற்றிலேயே தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு பறந்தது. கல் கல்லாக மழை இறங்கியது. பிள்ளைகள் வீறிட்டுக்கொண்டு எங்கே ஓடுவார்கள்? எதிரே இருக்கிற பள்ளிக் கட்டடத்தின் கதவுக்குத்தான். மொக்கெய்ரா குறுக்கே நின்று இரண்டு கையையும் விரித்தாள். கையின் அடியில் நுழைந்து ஓடினார்கள். ஆசிரியைகளும் பாடகர் குழுவும் கைக்குழந்தைக்காரிகளும் பின்னாலேயே முண்டியடித்தார்கள். "உள்ள போகாதீங்க, உள்ள போகாதீங்க," என்று கத்தினாள். மழையில் அது யார் காதிலும் விழவில்லை. போகாதே என்றால் வேறு எங்கே போவது? சபைக் கூரையும் மேட்டில் இருந்த இன்னொரு வகுப்புக் கட்டடத்தின் கூரையும் தகரம்தான், வெளியே வெட்டவெளி.

ஒசியெமோ உள்ளே போய்விட்டான். தூரத்தில் வானம் ஒரு தடவை உறுமியது.

அவள் கட்டடத்தின் பின்புறம் ஓடினாள். குழி பாதி நிரம்பிச் செந்தண்ணீர் தளும்பியது. முட்டி போட்டு ஸ்பேனரை எடுத்துப் பட்டையின் நுனியை இழுத்தபோது பின்னாலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"என்ன பண்ற கெமுண்டோ அம்மா?"

கெமுண்டோ செத்த பிறகும் அவர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். வேறு பெயர் வாயில் வரவில்லை.

"கைய விடுங்க."

"இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். நம்ம பையன் உள்ள இருக்கான். அது உங்களுக்குத் தெரியுமா?"

"அதனாலதான் சொல்றேன்! ஒரு தடவை மீறினோம். என்ன ஆச்சு?" ஒந்துசோவின் குரல் உடைந்தது. ஒரு வருஷம் அடக்கி வைத்தது இப்போது வந்தே விட்டது. அவருடைய கறுப்புக் கோட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. "இன்னொரு தடவை என்னால முடியாது. புரியுதா உனக்கு? என்னால முடியாது."

மொக்கெய்ராவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"அவள நான்தான் கொன்னேன்னு ஒரு வருஷமா சொல்லாம சொல்றீங்க. சரி, நான்தான் கொன்னேன். நரகத்துக்கு நான் போறேன், நீங்க மோட்சத்துக்குப் போங்க. இவனாவது இருக்கட்டும். விடுங்க!"

வானம் மறுபடி உறுமியது. இந்தத் தடவை கிட்டத்தில். ஜன்னலுக்குள் பிள்ளைகள் ஒரே குரலாக அலறினார்கள். ஒந்துசோ ஜன்னலைப் பார்த்தார். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்கு நடுவே அவர் என்ன நினைத்தார் என்று மொக்கெய்ரா பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறாள். அவர் அவள் மணிக்கட்டை விட்டார். விட்டுவிட்டு ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டார்.

"எந்தப் பக்கம் திருப்பணும்?"

"கெமுண்டோ அப்பா, இடி கேட்டப்புறம் தொடக்கூடாதுன்னு ஒவிட்டி..."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"நீ உள்ள போ. பிள்ளைங்கள சுவத்துலேருந்து தள்ளி, நடுவுல உக்கார வை. போ!" முட்டி போட்டுக்கொண்டே சொன்னார். "பாவம்னா அது என் தலையில வரட்டும். ரெண்டு தடவையும் உன் தலையில வேண்டாம்."

அவள் ஓடினாள். ஏன் ஓடினோம் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. புருஷன் போ என்றதும் ஓடினாள், உள்ளே பிள்ளை இருந்ததும் காரணம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், அதட்டி, அடித்து, பிள்ளைகளைச் சுவரிலிருந்து இழுத்து நடுவில் குந்த வைத்தாள். ஒசியெமோவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின் ஜன்னலைப் பார்த்தாள். ஒந்துசோ இரண்டாவது போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசித் திருப்பு திருப்பினார். பிறகு எழுந்திருக்கிறதற்காக ஒரு கையைப் பட்டையில் ஊன்றினார்.

வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. கட்டடம் முழுவதும் அதிர்ந்து, காது அடைத்து, எரிந்த வாடை வந்தது. எல்லோரும் தரையில் குப்புறக் கிடந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கித் தங்கள் கையையும் காலையும் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை.

வெளியே ஒந்துசோ குழியின் ஓரத்தில் மல்லாந்து கிடந்தார். மழை அவர் திறந்த வாயில் விழுந்துகொண்டிருந்தது. மொக்கெய்ரா அவர் நெஞ்சில் கையை வைத்து அழுத்தினாள், வாயில் வாய் வைத்து ஊதினாள், மறுபடி அழுத்தினாள். சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூடக் கிட்டே வந்து தொடவில்லை. சபையின் பாஸ்டர் ஞாங்காவ் குடை பிடித்துக்கொண்டு உரக்க ஜெபம் செய்தார். அவள் கை ஓயும் வரை அழுத்தினாள்.

மழை விடுவதற்குள் பேச்சு ஊரெங்கும் போய்விட்டது. ஓய்வுநாளில் மூப்பர் வேலை செய்தார், கையில் கருவியோடு அடிபட்டார். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? உள்ளே நூறு பிள்ளைகள் பிழைத்ததற்கும் காரணம் சொன்னார்கள். அது பாடகர் குழு பாடிய பாட்டின் மகிமையாம்.

துக்க வீட்டுக்குப் பாஸ்டர் வந்தார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. ஒந்துசோவோடு இருபது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவர். நாற்காலியை இழுத்து மொக்கெய்ராவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார்.

"சிஸ்டர், அடக்கத்தன்னிக்கு நீங்க பேசணும். ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. மூப்பர் உங்களத் தடுக்கத்தானே அங்க வந்தார்?"

"தடுக்கத்தான் வந்தார்."

"அதோட நிறுத்திருங்க. தடுக்க வந்தார், அடிபட்டார். போதும். சபையே திரண்டு வந்து பாட்டுப் பாடி, ஒரு மூப்பருக்கு உண்டான மரியாதையோட மண்ணுல வைப்போம். வேற மாதிரி சொன்னீங்கன்னா என் கையக் கட்டிப் போட்ட மாதிரி ஆயிரும், சபையப் பாட வைக்க முடியாது."

"அந்தக் கம்பிய என்ன பண்ணுவீங்க?"

பாஸ்டர் செருமினார். "அத எடுத்துரணும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அவர் அத எதுத்துத்தானே உயிர விட்டார்?"

அன்று இரவு முழுவதும் அவள் தூங்கவில்லை. பாட்டும் மரியாதையும் ஒந்துசோவுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரியும். தன் அடக்கத்தில் என்னென்ன பாட்டுப் பாட வேண்டும் என்றுகூடச் சொல்லி வைத்திருந்தார். ஒரே ஒரு பொய், அதுவும் பாதிப் பொய். சொன்னால் அவருக்கு எல்லாம் கிடைக்கும். ஆனால் மறுநாளே கூரையிலிருந்து செம்பை உருவிவிடுவார்கள், அடுத்த மழைக்கு ஒசியெமோ அதே பெஞ்சில் உட்காருவான்.

அடக்கத்தன்று அவர்கள் வீட்டு வாழைத் தோட்டத்தில் குழி தயாராக இருந்தது. பாடகர் குழு பச்சை அங்கியில் வரிசையாக நின்றது. ஏரிக்கரையிலிருந்து ஒவிட்டி வந்து, யாரோடும் பேசாமல் வேலியோரம் நின்றார். பேசச் சொன்னதும் மொக்கெய்ரா ஒசியெமோவின் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"எம்புருஷன் என்னத் தடுக்கத்தான் வந்தார்," என்றாள். பாஸ்டர் தலையை ஆட்டினார். "வந்து, ஜன்னல் வழியா உங்க பிள்ளைங்களப் பாத்தார். பாத்துட்டு என் கையிலேருந்து ஸ்பேனரப் பிடுங்கி, தன் கையாலயே முடுக்கினார். ஓய்வுநாள்னு தெரிஞ்சே முடுக்கினார். இடி கேட்டப்புறம் தொட்டா செத்துருவோம்னும் தெரியும். பாவம்னா என் தலையில வரட்டும்னு சொன்னார். அந்தக் கம்பி அவர் போட்டது. எடுக்கணும்னு நினைக்கிறவங்க இப்பவே இந்தப் பெட்டி மேல கைய வச்சு அவர்கிட்டயே சொல்லிட்டுப் போயி எடுங்க."

ஒருத்தரும் அசையவில்லை. பாஸ்டர் வேத புத்தகத்தை மூடினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதையும் சொல்ல வேண்டும். பிறகு வாழைகளுக்கு நடுவே மெல்ல நடந்து வெளியே போனார். பச்சை அங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவர் பின்னால் போயின. ஒந்துசோவின் பங்காளிகள் பாட்டில்லாமல் பெட்டியை இறக்கி, பாட்டில்லாமல் மண்ணைத் தள்ளினார்கள். மண் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒசியெமோ அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எல்லாம் முடிந்த பிறகு ஒவிட்டி வந்தார். "போல்ட்டப் பாத்துட்டு வந்தேன் டீச்சர். நான் போட்டிருந்தாக்கூட அவ்வளவு இறுக்கமா போட்டிருக்க மாட்டேன்." அப்போதுதான் மொக்கெய்ரா வாய்விட்டு அழுதாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. கூரையில் கம்பிகள் அப்படியே நின்றன. கை வைக்க ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை. மொக்கெய்ரா வாசலுக்கு வந்தபோது அங்கே பாஸ்டரின் மனைவி தன் கடைசி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளை மேட்டில் இருக்கிற மற்றக் கட்டடத்தில், இரண்டாம் வகுப்பில் படிக்கிறவள்.

"டீச்சர்..." பாஸ்டர் மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "மழைக்காலம் முடியற வரைக்கும் இவள இந்தக் கட்டடத்துல உக்கார வைக்க முடியுமா? ஒரு ஓரமா இருந்தாப் போதும்."

"நீங்களா வந்தீங்களா, பாஸ்டர் அனுப்பினாரா?"

"அவர்தான் அனுப்பினார்."

அவளுக்குப் பின்னால் சபைக்காரப் பெண்கள் இன்னும் ஏழெட்டுப் பேர் தங்கள் பிள்ளைகளோடு காத்திருந்ததை மொக்கெய்ரா அப்போதுதான் பார்த்தாள். பச்சை அங்கியில் நின்ற முகங்களும் அதில் இருந்தன. ஒரே ஒரு பாட்டு. அதைப் பாட வாய் வராதவர்கள், இப்போது பிள்ளையைக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்கள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட வேண்டும் போல அவளுக்குக் கை பரபரத்தது. அந்தச் சின்னப் பெண் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

மொக்கெய்ரா கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வாங்க. எல்லாரும் வாங்க. நடுவுல உக்காருங்க, சுவரோரம் வேண்டாம்," என்று பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு உள்ளே அனுப்பினாள். தாய்மார்களில் ஒருத்தியின் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.